மூன்று பேர் ஸ்டூடியோவும் மூன்று சதவீத லினக்ஸும்

கேள்வி:

வேளச்சேரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் செய்கிறோம். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்த நாட்களை வைத்து ஒரு புதிர் விளையாட்டு. நீங்கள் தண்ணி லாரி டிரைவர்; குடங்களின் வரிசை நீள்வதற்குள் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும். 2டி; கோடாட் 4 என்ற கேம் எஞ்சினில், அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் 9.99 டாலர் விலை வைக்கப் போகிறோம். கையில் இன்னும் நான்கு மாதச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது.

எங்களில் ஒருவன் உபுண்டு என்ற லினக்ஸில்தான் தினமும் வேலை செய்கிறான். லினக்ஸ், மேக் இரண்டுக்கும் முதல் நாளே வெளியிடலாம், எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் போதும் என்கிறான். இன்னொருத்தி, ஆயிரம் பேரில் லினக்ஸ் வைத்திருக்கும் முப்பது பேருக்காக உயிரை விட வேண்டுமா என்கிறாள். இதற்கிடையில் எங்கள் ஸ்டீம் பக்கத்தில் நாலு பேர் ‘லினக்ஸ் இல்லையென்றால் வாங்க மாட்டேன்’ என்று எழுதிவிட்டார்கள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வேளச்சேரி வாசகர்

பதில்:

முதலில் அந்த எக்ஸ்போர்ட் பட்டனைப் பார்ப்போம். உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை. கோடாடில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் டெம்ப்ளேட் இருக்கிறது. உபுண்டு லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே மேக் பதிப்பைக் கட்டிவிடலாம். அடுத்தவர்கள் செய்த கேமை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்தே பதினைந்து வருடம் பிழைத்தவன் நான். இன்றைக்குக் கட்டுவது ஒரு வேலையே இல்லை. கட்டியதை விற்ற பிறகு வருகிற கடிதங்கள்தான் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ‘ஓடவில்லை’ என்று எழுதுவார். அவர் பார்ப்பதை நீங்களும் பார்க்க உங்கள் மேஜையில் ஒரு மெஷின் வேண்டும். அது இல்லாமல் சப்போர்ட் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2016-ல் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சமையலறை கேம் போட்டோம். எஞ்சினும் நாங்களே எழுதியதுதான். லினக்ஸ் பதிப்பு வெளியான மறுநாளே ஒரு ஜெர்மன்காரர் எழுதினார்: மூன்றாவது லெவலில் குக்கர் விசில் அடிக்க வேண்டிய நொடியில் கேம் பட்டென்று மூடிக்கொள்கிறதாம். எங்கள் மூவரிடமும் இருந்தது விண்டோஸ். அதில் விசில் ஜோராக அடித்தது. லினக்ஸ் பதிப்பைக் கட்டியது ஒரு வாடகை சர்வரில். விளையாடிப் பார்க்க லினக்ஸ் மெஷின் எங்களிடம் கிடையவே கிடையாது.

மேல்வீட்டுப் பையனிடம் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டிருந்தார்கள், நம்மூர் அரசு நிறுவனமான சி-டாக் செய்தது. கெஞ்சி வாங்கி வந்து போட்டுப் பார்த்தால், விசில் வரைக்கும் போகவே இல்லை. கேம் திறக்கவில்லை. டெர்மினலில் ஒரே ஒரு வரி, லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற லைப்ரரியின் இன்ன பதிப்பு கிடைக்கவில்லை என்று. எங்கள் சர்வர் புதுசு, பையனின் லினக்ஸ் பழசு. புது லினக்ஸில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம். பழையதில் கட்டினால் புதியதில் பெரும்பாலும் ஓடிவிடும். சரி என்று பழைய டெபியன் லினக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, திரும்பக் கட்டி, மூன்றாவது லெவல் வரை விளையாடி, விசில் இடத்தில் அது கண் முன்னால் செத்தபோது இரண்டாம் நாள் விடிந்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? ஒலிக்கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய டபிள்யூ. கோடில் நான் அடித்திருந்தது சின்ன டபிள்யூ. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. திருத்தப் பத்து விநாடிகூட ஆகவில்லை. லேப்டாப்பை அரைக் கிலோ மைசூர்பாகோடு திருப்பிக் கொடுத்தோம்.

(கோடாடில் உங்களுக்கு இந்தக் கண்டம் குறைவு. எக்ஸ்போர்ட் செய்த பொதிக்குள் விண்டோஸிலேயே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். மாட்டினால் வீட்டிலேயே மாட்டிவிடும்.)

இனி உங்கள் தோழி சொல்லும் முப்பது பேர். வாடிக்கையாளர்கள் என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் ஹார்டுவேர் சர்வேயைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். பல வருடம் ஒரு சதவீதத்தை ஒட்டியே கிடந்த லினக்ஸ், 2025 அக்டோபரில் முதல் முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. மேக் 2 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. மிச்சம் முழுக்க விண்டோஸ். எண் சரிதான். அந்த முப்பது பேரும் உங்கள் லினக்ஸ் பதிப்புக்காகக் காத்துக்கிடக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு. உங்கள் வீட்டுச் சண்டையில் இரண்டு பேருமே இதைத்தான் கவனிக்கவில்லை.

விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டுவதற்கு வைன் என்று ஒன்று 1993-லிருந்து இருக்கிறது. அதன்மேல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் இன்னும் சிலவற்றைச் சேர்த்து, 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள்ளேயே கொடுத்ததுதான் புரோட்டான். விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில் கேம் கேட்பதை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் முறைக்கு அது மாற்றிக் கொடுக்கும். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற வால்வின் கையடக்க கேம் மெஷின் இதை நம்பித்தான் விற்கிறது. உள்ளே இருப்பது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். கையில் வைத்து விளையாடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இன்று சர்வேயில் லினக்ஸ்காரர் என்று எண்ணப்படுகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த டெக்காரர்கள். உங்கள் விண்டோஸ் பதிப்பு அவர்களிடம் பெரும்பாலும் அப்படியே ஓடும். பலர் சேர்ந்து ஆடும் போட்டி கேம்களில் ஏமாற்றுத் தடுப்பு நிரல் குறுக்கே விழும். உங்களுடையது ஒற்றை ஆள் லாரி என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு, நண்பரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீமில் நேரடி லினக்ஸ் பதிப்பு ஒன்றை ஏற்றிவிட்டால், டெக் பொதுவாக அதைத்தான் எடுத்து ஓட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் பதிப்பு பின்னால் போய்விடும். ஆறு மாதம் கழித்து நீங்கள் விண்டோஸ் பதிப்பை மட்டும் புதுப்பித்து, லினக்ஸை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக் வைத்திருப்பவருக்குப் பழசுதான் கிடைக்கும். செட்டிங்ஸில் போய் புரோட்டானுக்கு மாற்றலாம், ஆனால் எத்தனை பேர் மாற்றுவார்கள்? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதைத்தான் செய்வார்கள். கவனிக்காமல் விட்ட லினக்ஸ் பதிப்புக்கு, லினக்ஸ் பதிப்பே இல்லாமலிருப்பது மேல்.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். இது ஜோசியம் இல்லை, ஒரு பேச்சுக்கு. முதல் வருடம் 5,000 பிரதி போகிறது என்று வையுங்கள். ஸ்டீம் 30 சதவீதம் எடுக்கும், தள்ளுபடி, வரி எல்லாம் போய் ஒரு பிரதிக்கு 5 டாலர் கையில் நிற்கட்டும். லினக்ஸ் 3 சதவீதம் என்றால் 150 பிரதி, 750 டாலர். டாலருக்கு 85 ரூபாய் போட்டால் அறுபத்து மூவாயிரம் சொச்சம். வேளச்சேரியில் ஆபீஸ் வாடகை தரும் உங்களுக்கு இது எத்தனை நாளைக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 150-லும் பெரும்பாலோர் புரோட்டானில் எப்படியும் வாங்கியிருப்பார்கள். நேரடிப் பதிப்பு இருந்தால் மட்டுமே வாங்குவேன் என்கிற கொள்கைக்காரர்களை நம்பி எத்தனை பிரதி விற்கும்? இருபதா, முப்பதா?

இதே நான்கு மாதத்தில் வேறு என்ன செய்யலாம் என்றும் யோசியுங்கள். ஸ்டீம் சர்வேயில் முதல் இரண்டு மொழிகள் ஆங்கிலமும் எளிய சீனமும்தான். உங்கள் கேமில் எழுத்து அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன். தண்ணீர்க் குடம் வரிசை சீனாக்காரருக்குப் புரியாதா என்ன? மொழிபெயர்ப்புக்குச் செலவழிக்கும் பணம் மேக் பதிப்பைவிடச் சீக்கிரம் திரும்பி வரும் என்பது என் அபிப்பிராயம்.

மேக்குக்கு வருவோம். எனக்கு மேக் பிடிக்காது என்று நண்பர்கள் சொல்வார்கள், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள். லினக்ஸில் புரோட்டான் இருப்பது போல மேக்கில் ஸ்டீம் எதுவும் தருவதில்லை. அதனால் மேக்காரர் வாங்காமல் போனால் அந்த விற்பனை நிஜமாகவே போனதுதான். அந்த வகையில் மேக் பதிப்பு கொண்டுவரும் காசு புதுக் காசு. ஆனால் நுழைவுச் சீட்டு விலை அதிகம். ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர். 2019-ல் வந்த கேடலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து, ஆப்பிள் சோதித்துத் தரும் நோட்டரைசேஷன் என்ற முத்திரை வேறு வேண்டும். கட்டுவதற்கு மேக் தேவையில்லை என்றாலும் ஓட்டிப் பார்க்கத் தேவை; 2024 கடைசியில் எம்4 மேக் மினி வந்தபோது அதன் ஆரம்ப விலையே இங்கே 59,900 ரூபாய். இதையெல்லாம் கொடுத்த பிறகும் ஆப்பிள் சும்மா இருக்காது. கேடலினா வந்தபோது பழைய 32-பிட் கேம்கள் ஒரே நாளில் செத்தன, அவற்றில் பலவற்றை யாரும் திரும்ப எழுப்பவில்லை. 2018-லேயே ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் முறையைக் கைவிடப் போவதாகச் சொன்னார்கள். 2020-ல் இன்டெல் சிப்பிலிருந்து தங்கள் எம்1 சிப்புக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்குப் பாலமாக இருந்த ரொசெட்டாவையும் மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு பெருமளவு எடுத்துவிடுவதாக 2025-ல் அறிவித்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பராமரிக்க ஆள் இல்லாத மூன்று பேர் ஸ்டூடியோ அந்தப் பக்கம் போகவேண்டாம். உங்களில் யாராவது மேக்கில் வேலை செய்கிறவராக இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

லினக்ஸில் உங்கள் நிலைமை அப்படி இல்லை. உங்கள் நண்பர் உபுண்டுவில்தான் தினமும் இந்தக் கேமைத் திறக்கிறார், மூடுகிறார், திட்டுகிறார். குக்கர் விசில் அடிக்காவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். நாங்கள் 2016-ல் செய்தது முட்டாள்தனம், அவர் செய்ய நினைப்பது அது அல்ல. பட்டன் மட்டும் போதும் என்று சொல்வதுதான் அவர் பேச்சில் பிசகு. ஸ்டீம் அச்சீவ்மென்ட், கிளவுட் சேவ் இவற்றுக்காக நீங்கள் சேர்த்திருக்கும் பிளகினுக்கு ஒவ்வொரு தளத்துக்கும் தனி லைப்ரரி கோப்பு உண்டு. அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஜிப் செய்து அனுப்பினால் லினக்ஸில் ‘இயக்கலாம்’ என்ற அனுமதி காணாமல் போகும். அவர் லேப்டாப்பில் ஓடுவது வேறு டிரைவர் உள்ள இன்னொருவர் மெஷினில் ஓடும் என்ற உறுதியும் இல்லை.

இந்த டிரைவர் விஷயத்தில்தான் பெரியவர்களே கை சுட்டுக்கொண்டார்கள். பிளானெட்டரி அனிஹிலேஷன் என்ற கேமில் வேலை பார்த்த ஒருவர் பிற்பாடு சொன்னது இது: விற்பனையில் லினக்ஸ் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் தானாகப் பதிவான கிராஷ்களிலும் உதவி கேட்டு வந்த கடிதங்களிலும் 20 சதவீதத்துக்கும் மேல் லினக்ஸ். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் தகராறு. அது ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் மோதிக்கொள்ளும் முப்பரிமாணப் போர் கேம், 2014-ல் வந்தது. அன்றைய டிரைவர்கள் வேறு. உங்கள் 2டி லாரிக்கும் அதற்கும் ஒப்பீடு இல்லை, ஆனாலும் தோழி இதைக் கேள்விப்பட்டிருந்தால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. அதுதான் உங்களுக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதுவும் கோடாட். டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளிச் சுரங்க கேமைச் செய்தவர் 2021-ல் தன் எண்களை வெளிப்படையாக வைத்தார். அதுவரை விற்றது 12,000 சொச்சம், அதில் லினக்ஸ்காரர்கள் வாங்கியது 700, அதாவது 5.8 சதவீதம். மொத்தம் வந்த பிழைப் புகார் 1,040. அதில் ஏறக்குறைய 400 லினக்ஸ்காரர்களிடமிருந்து, 38 சதவீதம். இதோடு நிறுத்தினால் தோழி ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த 400-ல் லினக்ஸில் மட்டும் வருகிற பிழை மூன்றே மூன்று. மற்றவை எல்லா மெஷினிலும் இருந்த பிழைகள். விண்டோஸ்காரர் கிராஷ் ஆனால் திட்டிவிட்டுப் போய்விடுவார். லினக்ஸ்காரர் லாக் கோப்பு, எப்படி நடந்தது என்ற விவரம், எந்த டிரைவர் என்பது உட்பட எழுதி அனுப்புவார். எங்கள் ஜெர்மன்காரரும் அப்படித்தான். தன் மெஷினில் எந்த வரியில் செத்தது என்று சொல்லி, ‘கோப்பின் பெயரைப் பாருங்கள்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வரியை நாங்கள் மூன்றாம் நாள்தான் படித்தோம்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். வெளியீட்டு நாளில் கடைப் பக்கத்தில், எதில் ஓடும் என்று காட்டும் இடத்தில், விண்டோஸ் டிக் மட்டும். நேரடி லினக்ஸ் பதிப்பை ஸ்டீமின் பீட்டா கிளையில், அதாவது சோதனைப் பதிப்புக்கான தனி இடத்தில், வைத்து, கேட்கிறவர்களுக்கு மட்டும் திறந்துவிடுவேன். அவர்கள் உங்களுக்குச் சம்பளமில்லாத டெஸ்டர்கள். புரோட்டானில் விளையாடப்பட்ட பிரதிகளை ஸ்டீம் உங்கள் விற்பனை அறிக்கையில் லினக்ஸ் கணக்கில்தான் காட்டும், அதனால் இரண்டு மாதத்தில் சர்வே எண்ணை விட்டுவிட்டு உங்கள் சொந்த எண்ணைப் பார்த்தே பேசலாம். அது ஐந்து, ஆறு சதவீதம் என்று வந்து, பீட்டா கிளையும் தொந்தரவு தரவில்லை என்றால் லினக்ஸ் டிக்கைப் போடுங்கள். அதுவும் உபுண்டு நண்பர் ஸ்டூடியோவில் இருக்கிற வரைக்கும்தான். போட்ட டிக்கை எடுப்பது எவ்வளவு அசிங்கம் என்பதற்கு ராக்கெட் லீக் என்ற கேம் சாட்சி. 2020-ல் லினக்ஸ், மேக் இரண்டையும் நிறுத்தினார்கள். ஆடுகிறவர்களில் அவர்கள் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்று காரணம் சொன்னார்கள். ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

புரோட்டானைச் சோதிக்கப் பெரிய செலவு வேண்டாம். டெக் இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. ரிச்சி தெருவில் ஒரு பழைய திங்க்பேட் லேப்டாப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு முந்தையதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவற்றில் வல்கன் நொண்டும். கடைக்காரர் ‘நாலாம் தலைமுறையே சூப்பரா ஓடும் சார்’ என்பார். அவருக்கு ஓடும்.

இன்னொன்று, இதில்தான் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாரம் போட வேண்டும் என்று நினைக்கிறேன். டெக்கின் திரை 7 அங்குலம் வாக்கில், 1280-க்கு 800 பிக்சல். டெக்கில் நன்றாக ஓடும் என்று வால்வ் சான்று தரும் சோதனையில் தேற, திரையில் உள்ள மிகச் சின்ன எழுத்துகூட 9 பிக்சல் உயரத்துக்குக் குறையக் கூடாது. அது ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்ட அளவு. 9 பிக்சலில் தமிழைப் போட்டுப் பாருங்கள்: ணகரச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புள்ளி மேல்கோட்டில் கரைந்துவிடும். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். லாரி போக வேண்டிய தெருப்பெயரில் மெய்யெழுத்து எல்லாம் உயிர்மெய் ஆனால் விளையாடுகிறவர் எங்கே போவார்? கோடாட் 4-ல் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றன, அந்தத் தலைவலி பழைய கோடாடோடு போய்விட்டது. அளவு மட்டும் உங்கள் கையில். தமிழுக்கு 16-க்குக் கீழே இறங்காதீர்கள். இதைச் சரிசெய்தால் டெக்காரருக்கு மட்டுமா நல்லது? பழைய லேப்டாப்பில் கண்ணாடி போட்டுக்கொண்டு விளையாடும் உங்கள் பெரியப்பாவுக்கும் நல்லது.

டெமோவை மட்டும் வெப் பதிப்பாக எக்ஸ்போர்ட் செய்து இட்ச்.ஐஓ என்ற கேம் தளத்தில் போட்டுவிடுங்கள். பிரவுசர் இருக்கிற எல்லாரும், மேக்காரர் உட்பட, தொட்டுப் பார்க்கலாம். பெரிய உழைப்பில்லை.

அப்புறம் அந்த நாலு பேர். அவர்களைச் சும்மா விடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்: ‘எங்கள் மூவரில் ஒருவர் உபுண்டுவில்தான் இந்தக் கேமைச் செய்கிறார். வெளியீட்டு நாளில் விண்டோஸ் பதிப்பு வரும், புரோட்டானில் நாங்களே ஓட்டிப் பார்த்திருக்கிறோம். நேரடி லினக்ஸ் பதிப்பு பீட்டா கிளையில் இருக்கும். அதை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் இங்கே கை தூக்குங்கள்.’ தேதி எதுவும் போடாதீர்கள்.